ஒழுகாத கேலரி

அணைகளுக்கு ஆலோசனை சொல்வது ஞானசிகாமணியின் தொழில். எந்த அணைக்குப் போனாலும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் அங்கே இருப்பவர்களிடம் கொட்டிவிட்டுத்தான் திரும்புவார். அவரிடம் பத்து வருடமாகத் தொழில் பழகிய பரஞ்சோதிக்கு அது பிடிக்கவில்லை. நாற்பதைத் தாண்டியவன், இரண்டு பட்டம் வாங்கியவன். செம்பாறை மின் நிலைய அணைக்குப் போகும் வழியில் ஜீப்பில் கேட்டேவிட்டான்.

“ஐயா, எல்லாத்தையும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டா, அடுத்த தடவை நம்மை எதுக்குக் கூப்பிடுவாங்க?”

ஞானசிகாமணி வெளியே மழையைப் பார்த்தார்.

“செம்பாறைக்குப் போன வருஷம் நீதானே தனியா வந்த?”

“ஆமா ஐயா.”

“என்ன சொல்லிக் கொடுத்த?”

“அறிக்கை கொடுத்தேன். எண்பது பக்கம்.”



மலையில் நான்கு நாளாக விடாத மழை. இன்னும் நாலடி ஏறினால் அணை நிறைந்துவிடும். லஸ்கர் மாடக்கண்ணு டார்ச் லைட்டோடு காத்திருந்தார். அணையில் அளவெடுப்பது, ஷட்டர் தூக்குவது, காவல் காப்பது எல்லாம் அவர்தான். இருபத்தாறு வருட வேலை. இரும்புக் கதவைத் திறந்து முன்னால் இறங்கினார். நூற்றிருபது படி. படி முடியும் இடத்தில், அணையின் வயிற்றுக்குள் ஓடும் சுரங்க நடை. அதைத்தான் கேலரி என்பார்கள்.

கடைசிப் படியில் பரஞ்சோதி நின்றுவிட்டான்.

போன வருடம் இங்கே ஓயாத சலசலப்பு. தரை ஓரத்தில் வரிசையாக நாற்பத்திரண்டு துளைகள். ஒவ்வொன்றிலும் கசிவு நீர் பொங்கி வாய்க்காலில் ஓடும். இப்போது ஒரு சத்தமும் இல்லை. அவன் மூச்சு அவனுக்கே கேட்டது.

“தண்ணி எங்க?”

“நிப்பாட்டியாச்சு சார்!” மாடக்கண்ணுவுக்குப் பெருமை தாங்கவில்லை. “மரக்கட்டைய அடிச்சு மேல சிமெண்ட் பூசிட்டேன். நாளைக்குப் பெரிய அதிகாரிக பார்க்க வாராக. அணை ஒழுகிட்டுக் கெடந்தா அசிங்கமா இருக்கும்னு இன்ஜினியர் ஏ.இ. சார் சொன்னாக. ஒரு சொட்டு இல்ல பாருங்க.”

பரஞ்சோதி குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான். துளைகள் அடைபட்டு, மேலே தண்ணீரும் இந்த அளவுக்கு நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டவனே அவன்தான். அறிக்கையில் அறுபத்தோராம் பக்கம்.

“உடைச்சு எடு. உடனே உடைச்சு எடு!”

“அதெப்படி சார் முடியும்?”

“நான் சொல்றேன்ல!”

“நீங்க ஆலோசனை சொல்லுதவுக. உத்தரவு போடுதவுக இல்லியே.”

பரஞ்சோதி டார்ச்சைப் பிடுங்கித் தரையில் அடித்துப் பார்த்தான். பூசின இடம் எது, பூசாத இடம் எதுவென்று தெரியவில்லை. அத்தனை சுத்தமான வேலை.

“எந்தெந்த இடம்னாவது காட்டு.”

“எதுக்கு?”

“உனக்குச் சொன்னாப் புரியாது.”

மாடக்கண்ணு சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

“போன வருஷமும் இதே இடத்துல நின்னு இதேதான் சொன்னீக. இது ஏன் சார் ஒழுகுதுன்னு கேட்டேன். புரியாதுப்பா, மேல போயி டீ வாங்கிட்டு வான்னீக. நூத்திருபது படி ஏறி வாங்கியாந்தேன். சீனி கம்மின்னீக.”

பரஞ்சோதி திரும்பினான். ஞானசிகாமணி ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, நீங்க சொல்லுங்க.”

“போன வருஷம் நான் வரலியே. நீ சொல்லு.”

“மேல போயிருவோம் ஐயா. ஏ.இ.யைக் கூப்பிட்டு...”

“அவர் அடிவாரத்துல இருக்காரு. ஏறி வர ரெண்டு மணி நேரம். அடைக்கச் சொன்னதே அவர்தான். அவருக்கு மட்டும் நீ சொல்லியிருக்கியா?”

சுவருக்குள் எங்கோ ‘டக்’ என்றது.

“ரெண்டு நாளா இந்தச் சத்தம் கேக்கு” என்றார் மாடக்கண்ணு, மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

பரஞ்சோதி மாடக்கண்ணுவின் எதிரில் குந்தினான். படிப்பில் வந்த வார்த்தையிலேயே ஆரம்பித்தான். அவர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. மறுபடி ‘டக்’. படித்ததெல்லாம் மறந்துபோனது. உள்ளங்கையைத் தரையில் வைத்தான்.

“தண்ணி அணைக்கு முன்னால மட்டும் நிக்கல. அடியிலயும் நுழையும். எப்படிக் கட்டினாலும் நுழையும். நுழைஞ்சது அணையை மேல தூக்கப் பார்க்கும். வெளிய வர வழி விட்டா, தூக்குற வேகம் குறைஞ்சிரும். அந்த வழிதான் இந்தத் துளை.”

மாடக்கண்ணு யோசித்தார்.

“இட்லிக் கொப்பரை மூடிய ஆவி தூக்குமே. அப்படியா?”

“அப்படித்தான்.”

“அப்போ நாம இப்ப இருக்கது?”

“மூடிக்குள்ள.”

மாடக்கண்ணு சட்டென்று திரும்பினார். “அட பாவி மனுசா, இம்புட்டுத்தானா? இதையா எனக்குப் புரியாதுன்னீரு?” என்று சொல்லிக்கொண்டே மூலையில் கிடந்த சுத்தியலையும் உளியையும் எடுத்தார். அவருக்கு வெளிச்சமே வேண்டியிருக்கவில்லை. நடந்தார், குனிந்தார், அடித்தார். முதல் கட்டை பிடுங்கிக்கொண்டு பறந்தது. தண்ணீர் கூரை வரை பீய்ச்சி அடித்தது. மூன்று பேரும் நனைந்தார்கள். அடுத்தது. அதற்கடுத்தது. சலசலப்பு திரும்பி வர வர, பரஞ்சோதி ஒவ்வொன்றாக எண்ணினான்.

முப்பத்தைந்தோடு சுத்தியல் நின்றது.

“இன்னும் ஏழு இருக்கே.”

“அந்த ஏழு துளையும் நான் அடைக்கல சார்.”

“பிறகு?”

“அது ஆடி மாசமே தானா நின்னு போச்சு. ஒண்ணு பின்னால ஒண்ணு. எல்லாம் அந்தக் கோடியில, பக்கத்துப் பக்கத்துல. நிக்கதுக்கு முன்னால ரெண்டு நாள் கலங்கலா வந்துது.”

“கலங்கலாவா?”

“செம்மண்ணு மாதிரி.”

ஞானசிகாமணி எழுந்து நின்றார். அணையின் அடிமண்ணே கரைந்து வந்து அந்தத் துளைகளை அடைத்திருக்கிறது. பரஞ்சோதி அவரை எத்தனையோ அணைகளில் பார்த்திருக்கிறான். அந்த முகம் இப்படி வெளுத்துப் பார்த்ததில்லை.

“இதை ஏன் யாருட்டயும் சொல்லல?” என்று பரஞ்சோதி கத்தினான்.

மாடக்கண்ணு உளியை வேட்டியில் துடைத்தார். “கலங்கினா ஆகாதுன்னு எவன் சார் எனக்குச் சொன்னான்?”

சுரங்கத்தின் அந்தக் கோடிக்கு டார்ச் வெளிச்சம் எட்டவில்லை.

பரஞ்சோதி ஞானசிகாமணியின் கையைப் பிடித்தான். 

“ஐயா, அணை நிக்குமா?”

“எனக்குத் தெரியாது” என்றார் அவர். “அவர்கிட்டக் கேளு. மரியாதையாக் கேளு.”