திரும்பிப் பார்க்காத மாஸ்டர்

"எல்லாரையும் பாக்கிய. எங்கள மட்டும் ஏன் மாஸ்டர் பாக்க மாட்டேங்கிய?"

பல வாரமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததைச் சொரிமுத்து அன்றைக்குக் கேட்டே விட்டான்.

மாஸ்டர் ஜெசிந்தா பிரம்பின் கைப்பிடியில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்தார். இழுத்துப் பார்த்தார். அடுத்த பிரம்பை எடுத்தார்.

"அவிச்ச கடலை இருக்கு. சாப்பிடுங்கண்ணே."

கேட்டது ஒன்று, கிடைத்தது கடலை. சொரிமுத்து அதைச் சாப்பிட்டான். உப்பு சரியாக இருந்தது. பதில்தான் கிடைக்கவில்லை.

மாஸ்டருக்கு முப்பது வயதிருக்கும். சீடன் நாற்பதைத் தாண்டியவன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அதனால் அவர் இவனை அண்ணே என்பார், இவன் அவரை மாஸ்டர் என்பான். இரண்டு பேருக்குமே அதில் கூச்சம் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு.

தூத்துக்குடியில், மாதா கோவிலுக்குப் பின்னால், வலை போட்டு வைக்கும் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே வகுப்பு. ஜெசிந்தா சொகுசுக் கப்பலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். கூட இருந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் ஓய்வு நேரத்தில் பிரம்பு சுழற்றுவார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டு வந்ததை ஊரில் சொல்லிக்கொடுக்கிறார்.

"சிலம்பம் இருக்கிற ஊர்ல பிலிப்பைன்ஸ் குச்சி எதுக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் யாரும் சிலம்பமும் பழகியவர்கள் இல்லை.

ஒன்றரை முழப் பிரம்பு. ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும். ஒருவர் அடிப்பார், மற்றவர் தடுப்பார். தடுத்த சூட்டோடு அவர் திருப்பி அடிப்பார், இவர் தடுத்துவிட்டு மறுபடி அடிப்பார். நிறுத்தக் கூடாது. ஜெயிக்கிறவர், தோற்கிறவர் என்று யாரும் கிடையாது. கப்பலில் அதற்கு ஏதோ பெயர். இங்கே அதைக் கொடுக்கல் வாங்கல் என்றார்கள்.

அதில் ஒரு வழக்கம் இருந்தது. தடுக்கத் தவறி அடி வாங்கினால், வாங்கியவர் அடித்தவரைப் பார்த்து "சலமாத்" என்று சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸ் பேச்சில் நன்றி என்று அர்த்தம்.

அடி வாங்கியவர் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்று வந்த புதிதில் சொரிமுத்து கேட்டிருந்தான். அதற்கும் கடலைதான் கிடைத்தது.

அவனுக்கு ஜோடி அவன் தங்கை இசக்கி.

உண்மையில் பழக வந்தவள் அவள்தான். இறால் கம்பெனியில் வேலை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உப்பளத்து ரோட்டில் நடந்து வந்தவளை ஒருவன் மறித்தான். கையில் கட்டை. இடது புருவத்துக்கு மேலே அடித்துவிட்டுச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். தையல் பிரித்த பிறகும் தழும்பு நின்றுவிட்டது.

சங்கிலி போனதற்கு அவள் அழவில்லை. தழும்புக்கும் அழவில்லை.

"கட்டை வாரத நல்லா பாத்தேன் அண்ணே. கை எழும்பல. என் கைதான், எழும்பல." இதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

அன்றிலிருந்து தினமும் பஸ் நிறுத்தத்தில் சொரிமுத்து பைக்கோடு நிற்பான். வகுப்புக்கும் துணைக்கு வந்தவன்தான். வந்த இடத்தில் அவன் கையிலும் ஒரு பிரம்பைக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து துறைமுகத்தில் அவனுக்குச் சாயங்கால ஷிப்ட். பஸ் நிறுத்தத்தில் நிற்க ஆள் கிடையாது. ஒன்று, இசக்கி அந்த ரோட்டில் தனியாக நடக்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும்.

"கை எழும்பும்னு தெரிஞ்சா நடந்துருவேன்" என்றாள் இசக்கி.

"எழும்பாம? இங்க நம்ம ஜோடி மாதிரி யாரு இருக்கா?"

அவன் சொன்னது பொய்யில்லை. அண்ணனும் தங்கையும் பிரம்பெடுத்தால் கொட்டகையே நின்று பார்க்கும். தடுமாற்றம் கிடையாது. டக், டக், டக் என்று தையல் மிஷின் ஓடுவதுபோல ஓடும். இத்தனை மாதத்தில் இரண்டு பேரில் ஒருவர்கூடச் சலமாத் சொன்னதில்லை. சொரிமுத்துவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

மாஸ்டர் மட்டும் பார்ப்பதில்லை.

அவர் சுவரைப் பார்த்து முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முதுகுதான் வகுப்புக்கு. அவ்வப்போது சட்டென்று தலையைத் திருப்புவார். திருப்பினால் அது பெரும்பாலும் ரெமிக்காகத்தான் இருக்கும். ரெமி ஐஸ் பேக்டரிக்காரன், தன் மச்சானோடு ஜோடி போடுகிறவன். இரண்டு பேரும் விரல் முட்டியெல்லாம் வீங்கிப்போய், வாய் ஓயாமல் சலமாத் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு அடி ஒழுங்காகத் தடுக்கத் தெரியாத பயல்களை அப்படி என்ன பார்க்கிறார்?

சொரிமுத்துவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு ஞாயிறு சிவப்புச் சட்டை போட்டு வந்தான். ஒரு ஞாயிறு கொட்டகை அதிர அடித்தான். வலைமேல் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து பார்த்தது. மாஸ்டர் பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் அடிப்பதை விட்டுவிட்டு மாஸ்டரையே கவனித்தான். ஒன்று பிடிபட்டது. ரெமி அடி வாங்குவதற்கு ஒரு நொடி முந்தியே மாஸ்டரின் தலை திரும்பிவிடுகிறது. சுவரைப் பார்த்து இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

"எப்பிடி மாஸ்டர்?"

"சத்தத்துல தெரியும்."

"சரி, எதுக்குத் திரும்புதிய?"

"அடி விழப்போற இடத்தப் பாக்கணும்லா அண்ணே."

சொரிமுத்துவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இவ்வளவுதானா விஷயம்! எங்கள் ஜோடியில் அடி விழவே விழாது. அதனால் மாஸ்டர் பார்க்கத் தேவையில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் இசக்கிக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

அவள் பிய்த்துப் போட்டபடி இருந்தாள். சாப்பிடவில்லை.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. மாஸ்டர் அதச் சொல்லும்போது மூஞ்சில சந்தோசத்தயே காணல."

அடுத்த வகுப்பில் ஜெசிந்தா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அண்ணே, ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டுச் செய்ங்க பாப்போம்."

மூடிக்கொண்டார்கள். முதலில் கொஞ்சம் மெதுவாகப் போனது. பிறகு டக், டக், டக். ஒரு அடி தவறவில்லை. ரெமியும் மச்சானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். யாரோ கைதட்டினார்கள்.

சொரிமுத்து கண்ணைத் திறந்தான். நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"பாத்தியளா மாஸ்டர்! கண்ண மூடினாலும் தப்பல!"

"ஆமா" என்றார் ஜெசிந்தா. "அதான்."

அவ்வளவுதான். மறுபடியும் ரப்பர் சுற்றப் போய்விட்டார்.

துறைமுகத்தில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். கண்ணை மூடிக்கொண்டு தடுத்த கதையைக் கேட்கக் கிரேன் அடியில் கூட்டம் கூடியது. ஒருவர் விடாமல் சொன்னான். சாயங்காலம் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கைக்கும் அதையே சொன்னான், அவளும் அங்கேதான் இருந்தாள் என்பதை மறந்து.

உப்பளத்து ரோட்டில் போகும்போது இசக்கி கேட்டாள்.

"கண்ணத் தொறக்காமலே எப்பிடி அண்ணே தடுத்தோம்?"

"பழக்கம்."

"கட்டை எங்க வருதுன்னு பாக்காமலா?"

சொரிமுத்து வண்டியை முறுக்கினான். நல்ல கேள்வி என்று அவனுக்கே பட்டது. எரிச்சலாகவும் இருந்தது.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. இன்னும் சில நாளில் ஷிப்ட் மாறுகிறது.

அண்ணனும் தங்கையும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தார்கள். டக், டக், டக். ஜெசிந்தா முக்காலியிலிருந்து எழுந்தார். செருப்பில்லாத கால், சத்தமே இல்லை. சொரிமுத்துவின் பின்னால் வந்தார். அவன் அடித்து முடித்த கையிலிருந்து, மாலையில் ஒரு பூவைக் கிள்ளுவதுபோல, பிரம்பை உருவிக்கொண்டார்.

இசக்கியின் அடி கிளம்பிவிட்டது. நிறுத்த முடியாது. தடுக்க அவன் கையில் ஒன்றுமில்லை.

சொரிமுத்து கண்ணை இறுக்கி மூடினான்.

காதோரம் காற்று போனது.

அடி விழவில்லை. பிரம்பு அவன் தலையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போய்விட்டிருந்தது.

இசக்கி பிரம்பைப் பார்த்தாள். பிறகு அண்ணனின் தலையைப் பார்த்தாள். அவன் சிரித்துவிட்டான்.

"என்னைய அடிக்க மனசு வரல பாத்தியளா மாஸ்டர்? என் குச்சியப் பாத்துத்தான் அடிச்சிருக்கா கள்ளி!"

ஜெசிந்தா பிரம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"தொடங்குங்க."

மறுபடி டக், டக், டக். இந்த முறை அவர் இசக்கியின் பின்னால் போனார். அவள் கையில் இருந்ததை உருவினார்.

சொரிமுத்துவின் அடி போனது.

அதுவும் ஒரு சாண் தள்ளிப் போனது.

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. ரெமி கையில் பிரம்பை வைத்துக்கொண்டு அடிக்க மறந்து நின்றான்.

சொரிமுத்து தன் பிரம்பு நின்ற இடத்தைப் பார்த்தபடி இருந்தான். இத்தனை மாதமும் அங்கேயேதான் அடித்திருக்கிறான். தங்கை தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் அவள்மேல் படாத இடம். அதைச் செய்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கும் மேலே பயமாக இருந்தது, ஏனென்றால் சாயங்கால ஷிப்ட் நினைவுக்கு வந்தது.

ஜெசிந்தா இசக்கியின் கையில் பிரம்பைக் கொடுத்தார். பிறகு ஒரு விரலை நீட்டி அவள் இடது புருவத்துக்கு மேலே, தழும்பைத் தொட்டார்.

"மெதுவா அடிங்கண்ணே. இங்க."

சொல்லிவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

சொரிமுத்து பிரம்பை ஓங்கினான். இறக்கினான்.

"முடியாது மாஸ்டர். வேற எங்கயாவது சொல்லுங்க. கூடப் பொறந்தவள எப்பிடி அங்க..."

ஜெசிந்தா ரப்பரைக் கையில் எடுத்தார்.

"நாந்தான் இருக்கேனே" என்றான் தங்கையிடம். "ஷிப்ட் மாத்திக் கேப்பேன். காலுல விழுந்தாவது கேப்பேன். நீ ஏன் தனியா நடக்க?"

இசக்கி அவனையே பார்த்தாள். கோபமாக இல்லை. எதையோ புதிதாகக் கண்டுபிடித்தவள்போலப் பார்த்தாள்.

"அண்ணே, அன்னைக்கு அவன் தள்ளியா அடிச்சான்?"

சொரிமுத்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான்.

பிரம்பை ஓங்கினான். தழும்பைப் பார்த்தான். அடித்தான்.

மெதுவான அடிதான். ஆனாலும் அங்கேயே போனது. இசக்கியின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. பிரம்பு புருவத்துக்கு மேலே தட்டியது.

"ஐயோ, ஏட்டி!"

அவன் பிரம்பைக் கீழே போடப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் கண்ணை மூடவில்லை.

"சலமாத், அண்ணே. இன்னொண்ணு."

இன்னொன்று அடித்தான். மறுபடியும் பட்டது. சலமாத். அதற்கடுத்ததும் பட்டது. அவளைவிட அவன்தான் அதிகமாக அழுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பார்வையை மட்டும் அந்தத் தழும்பைவிட்டு எடுக்காமல், மறுபடியும் அடித்தான்.

டக்.

இசக்கியின் கை எழும்பியிருந்தது.

அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. தடுத்த கை நிற்கவில்லை. பழக்கத்தில் அது திரும்பி வந்தது. வழக்கமாக ஒரு சாண் தள்ளிப் போவது, இந்த முறை நேராக வந்து அவன் தோளெலும்பில் இறங்கியது.

உயிர் போகிற வலி.

"எழும்பிட்டு அண்ணே" என்றாள் இசக்கி, தன் கையைப் பார்த்தபடி. "எழும்பிட்டு."

சொரிமுத்து தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இத்தனை மாதத்தில் ஒருமுறைகூடச் சொல்லாததால் அது சட்டென்று வாயில் வரவில்லை.

"சலமாத்" என்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தான்.

ஜெசிந்தா முக்காலியைத் திருப்பிப் போட்டு, இவர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.