தூக்கிப் பார்த்தா தெரியும்

குரு இருந்தாங்க, வயசு இருபத்தெட்டு. சீடர் இருந்தாரு, வயசு ஐம்பத்து நாலு. வயசை மாத்திப் போடலை. சரியாத்தான் சொல்றேன்.

குரு பேரு ரிஸ்வானா. மவுண்ட் ரோட்டுக்குப் பின்னாடி, கம்ப்யூட்டர் சாமான் விக்கிற தெருவுல, மாடியில ரெண்டு ஆள் நின்னா மூணாவது ஆளுக்கு இடமில்லாத கடை. பார்ட் பார்ட்டா வாங்கிட்டு வந்தா முழுக் கம்ப்யூட்டராப் பூட்டிக் குடுப்பாங்க. எதிர்க்கடையில நான் கேபிள் விக்கிறேன். கடை போட்டு ஒரு வருஷம் ஆகுது. அதனால நடந்ததை எல்லாம் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

சீடர் பேரு ஏகாம்பரம். வாலாஜாபாத்துல கல்யாண வீடியோ எடுக்கிறவர். எடுத்ததை எல்லாம் எடிட் பண்ண வேற ஸ்டுடியோவுல குடுத்துட்டு, அவங்க எப்ப தருவாங்கன்னு வாசல்லயே நின்னு நின்னு கால் தேஞ்சு போச்சு. இனிமே சொந்தமா ஒரு கம்ப்யூட்டர், அதையும் தானே பூட்டணும்னு ஒரு வீம்பு. செவ்வாய்க்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து ரிஸ்வானா பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டாரு.

"என்னண்ணே, பொண்ணு வயசுப் பிள்ளைகிட்டப் பாடமா?"ன்னு ஒருநாள் சீண்டிப் பார்த்தேன்.

"சுவாமிமலையில சிவனே பெத்த பிள்ளைகிட்டத்தான் பாடம் கேட்டாரு. நான் எம்மாத்திரம்?"

நான் திரும்பிப் போய்க் கேபிள் சுத்த ஆரம்பிச்சேன்.

அவர் கேட்டது ஒரே கேள்விதான். வாரா வாரம் அதையே கேட்டாரு.

"டீச்சரம்மா, கையில இருக்கறது அறுபதாயிரம். பகல்ல எனக்கு எடிட்டிங் ஓடணும். மத்த நேரம் பொண்ணு தாரிணிக்கு கேம் ஓடணும். எதுல குறைக்கலாம்?"

ரிஸ்வானாவும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க. "லிஸ்ட் எழுதிட்டு வாங்கண்ணே. பூட்டறதுக்கு முன்னாடி என்கிட்டக் காட்டுங்க."

போன செவ்வாய்க்கிழமை லிஸ்டோட வந்தாரு. முகமெல்லாம் பல்லு.

"முடிச்சிட்டேன் டீச்சரம்மா! ஞாயித்துக்கிழமை நானே பூட்டிட்டேன். ஒரு ஸ்க்ரூ கூட மிச்சம் இல்ல!"

"காட்டறேன்னு சொன்னீங்களே?"

"அவசரம்மா. வைகாசி முகூர்த்தம் எல்லாம் வரிசையா நிக்குது."

ரிஸ்வானா லிஸ்டை வாங்கிப் படிச்சாங்க. "கிராபிக்ஸ் கார்டு இவ்வளவு பெருசா?"

"படமும் ஓடணும், கேமும் ஓடணும்ல."

"கண்ணாடிப் பெட்டி?"

"உள்ள லைட் எரியறது தெரியணும்ல. பொண்ணு ஆசைப்பட்டா."

"எஸ்.எம்.பி.எஸ்.?"

அது என்னன்னு சொல்லிடறேன். சுவத்துல இருந்து வர்ற கரண்ட்டை அடக்கி, உள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் வேண்டிய அளவு பிரிச்சுக் குடுக்கிற இரும்பு டப்பா. மூலையில மறைஞ்சு கிடக்கும். லைட்டும் கிடையாது, லட்சணமும் கிடையாது.

"அங்கதான் குறைச்சேன்!" ஏகாம்பரம் தொடையில தட்டிக்கிட்டாரு. "தெருக்கோடி சேது இருக்கான்ல? அவனே சொந்தப் பேர்ல ஒண்ணு செஞ்சு விக்கிறான். எண்ணூறே ரூபா! ஐநூறு வாட்ஸ்னு ஸ்டிக்கரே ஒட்டியிருக்கு. சல்லிசாக் கிடைச்சுதேன்னு ஜோடியா வாங்கிட்டேன். ஒண்ணு வீட்டுல பூட்டியாச்சு. இன்னொண்ணு இதோ."

துணிப்பையில இருந்து எடுத்து மேசையில வச்சாரு. தொம்முன்னு சத்தம்.

"தூக்கிப் பாருங்க டீச்சரம்மா. என்னா கனம்! மூவாயிரம் ரூபா டப்பா கூட இந்தக் கனம் இல்ல!"

ரிஸ்வானா தூக்கிப் பார்த்தாங்க. திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் கையில குடுத்தாங்க.

"இதுக்குக் கரண்ட் குடுத்தீங்களா?"

"இல்லம்மா, அட்டைப் பெட்டியே காலையிலதான் பிரிச்சேன்."

"அப்ப ஷாக் அடிக்காது. மூடியைக் கழட்டுங்க."

"ஐயையோ, வாரண்டி ஸ்டிக்கர் கிழிஞ்சிடுமே!"

"கிழியட்டும்."

நாலு ஸ்க்ரூ. மூணு சுலபமா வந்துடுச்சு. நாலாவது அடம் பிடிச்சுது. மூடி வந்ததும் நானும் எட்டிப் பார்த்தேன்.

உள்ள, செல்போன் சார்ஜரை உடைச்சா இருக்குமே, அந்த அளவுல ஒரு போர்டு. மிச்ச இடம் பூரா, பசை போட்டு ஒட்டின ஒரு சிமெண்ட் கட்டி.

ஆமாங்க, சிமெண்ட்டு. வீடு கட்டற சிமெண்ட்டு. ஓரத்துல ஒரு ஜல்லிக்கல்லு கூட தலையை நீட்டிட்டு இருந்துது. எத்தனையோ டூப்ளிகேட் பார்த்திருக்கேன். இதைப் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. அடப் பாவி, கொஞ்சமாவது பயம் வேண்டாமா?

ஏகாம்பரத்துக்கு ஒண்ணும் விளங்கலை. விரலால தொட்டுப் பார்த்தாரு. சாம்பல் கலர்ல தூள் ஒட்டிச்சு.

"இது எதுக்கு டீச்சரம்மா?"

"கனத்துக்கு."

ரிஸ்வானா மெதுவாத்தான் கேட்டாங்க.

"வீட்டுல இருக்கறதும் இதேதானே?"

"இதே ஜோடி."

"அவ்வளவு பெரிய கார்டு இழுத்தா இது பத்திக்கும். இப்ப ஓடுதா?"

"தாரிணி… கேம் ஆடிட்டு இருக்கா. காலையில நான்தான் போட்டுக் குடுத்துட்டு பஸ் ஏறினேன்."

போனை எடுத்தாரு. அவசரத்துல வேற யார் நம்பரையோ அமுக்கிட்டாரு. ரிஸ்வானா வாங்கி அடிச்சு ஸ்பீக்கர்ல போட்டாங்க. மணி அடிச்சு அடிச்சு நின்னுடுச்சு. ரெண்டாவது தடவையும் எடுக்கலை.

"காதுல ஹெட்போன் மாட்டியிருப்பா… எடு தாயே, எடு."

மூணாவது தடவை எடுத்துச்சு அந்தப் பொண்ணு. "என்னப்பா, ஆட்டத்துக்கு நடுவுல?"

"ஆஃப் பண்ணு!"

"இருப்பா, இந்த ரவுண்டு மட்டும்…"

"சுவத்து சுவிட்சை அமத்துடி! பெட்டியைத் தொடாத! சுவிட்சு, சுவிட்சு!"

கீழே தெருவுல போறவங்க எல்லாம் நின்னு மேல பார்த்தாங்க. போன்ல டக்குன்னு ஒரு சத்தம்.

"அமத்திட்டேன். எதுக்கு இப்படிக் கத்தற?" நாற்காலி நகர்ற சத்தம். "அப்பா… பின்னாடி புகை வருதுப்பா. அப்பவே பொசுங்கின நாத்தம் வந்துச்சு. பக்கத்து வீட்டுல ஏதோ தாளிச்சுக் கருக விட்டுட்டாங்கன்னு நினைச்சேன்."

"வெளிய போ. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடு. அவங்க கூடவே இரு. வந்துடறேன் நான்."

போனை வச்சவர் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. அழுதாரு. ஐம்பத்து நாலு வயசு ஆம்பளை, ஆயிரம் கல்யாணத்துல பொண்ணைப் பெத்தவங்க அழறதைப் படம் பிடிச்சவர், குலுங்கிக் குலுங்கி அழுதாரு. நான் தண்ணி குடுத்தேன். பாதி சட்டையில கொட்டிடுச்சு.

அப்புறம் எழுந்தாரு. பையை எடுத்தாரு. படி இறங்கப் போனவர் நின்னு திரும்பினாரு. முகத்துல இப்ப பயம் இல்ல, கோவம்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. முதல் நாள் நீங்கதானே சொன்னீங்க? ஸ்டிக்கரை நம்பாதீங்க, கையில தூக்கிப் பாருங்க, நல்ல டப்பா கனமா இருக்கும்னு?"

"சொன்னேன்."

"அது பொய்யா?"

"பொய் இல்லண்ணே. நல்லது கனமாத்தான் இருக்கும்."

"அப்ப நான் தூக்கித்தான் பார்ப்பேன்னு அந்தச் சேதுவுக்கு எப்படித் தெரியும்?"

ரிஸ்வானா சிமெண்ட் கட்டியைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க.

"சேது என்கிட்டப் படிச்சவன் அண்ணே. ரெண்டு வருஷம் முன்னாடி. முதல் நாள் பாடம் அவனுக்கும் அதேதான்."