நான்காவது விரல்

“இந்த விசாரணை அதிகாரிகளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது, டீச்சர். எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.”

தயாபரன் காகிதத்தை மேசையில் போட்டான். போட்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தான்.

ஜெர்மனியில் அகதிகளுக்கு உதவும் சின்ன அலுவலகம் அது. நடத்துகிறவர் ஜெனியா. பதினேழு வயதில் நாஜிகளின் வதைமுகாமிலிருந்து உயிரோடு வெளியே வந்த யூதப் பெண். பிறகு போலிஷ் மொழி நாவல்கள் நாற்பதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். வீட்டாரைக் கொன்றவர்களின் மொழியில். ஏன் என்று கேட்டால் பதில் வராது. டீ வரும்.

யாழ்ப்பாணத்துத் தயாபரன் நாற்பது வயதில் அவரிடம் மொழிபெயர்ப்பு கற்க வந்தவன்.

ஜெனியா காகிதத்தைப் படித்தார். பூரணம் என்ற பெண்ணின் வாக்குமூலம். போரில் ஷெல் குண்டு விழுந்து அவளுடைய இரண்டு பிள்ளைகளும் செத்துப்போனார்கள். ‘நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினேன்’ என்று அதில் இருந்தது. விசாரணையில் அதிகாரி, “கதறினாயா?” என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். பொய் என்று அவளுடைய அகதி மனுவைத் திருப்பிவிட்டார்கள். நாளைக்கு இன்னொரு தடவை கொடுக்கலாம். அதுவும் போனால் இலங்கைக்கு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

“இதை அவளுக்குத் திருப்பி வாசித்துக் காட்டினாயா?”

அந்த அலுவலகத்தில் ஒரே விதிதான். யார் சொன்னதோ, அவர் காதிலேயே அது திரும்ப விழவேண்டும்.

“நேரமில்லை, டீச்சர். எங்கள் ஊர்த் தாய் எப்படி அழுவாள் என்று எனக்குத் தெரியாதா?”

“உட்கார். நான் சொல்வதைத் தமிழில் எழுது.”

முகாமைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. இப்போது கடையில் சாமான் சொல்வதுபோலச் சொன்னார்.

“ரயிலிலிருந்து இறங்கினோம். அம்மாவை இடது பக்கம் போகச் சொன்னார்கள். அன்றே கொன்றுவிட்டார்கள். சாயங்காலம் சூப் கொடுத்தார்கள், இன்னும் கொஞ்சம் கேட்டேன்.”

தயாபரன் எழுதினான். கண் மங்கியது.

“திருப்பிச் சொல்.”

அவன் ஜெர்மனில் சொல்லச் சொல்ல, ஜெனியா நீட்டிய விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது விரல் அப்படியே நின்றது.

“சூப் எங்கே?”

“அது வேண்டாமென்று விட்டேன். படிக்கிறவர்கள் உங்களைத் தப்பாக நினைப்பார்கள்.”

“நினைக்கட்டும். குடித்தவள் நான்.”

தயாபரன், பூரணம் பேசப் பேசக் கிறுக்கிய பழைய தாளைப் பையிலிருந்து எடுத்தான். அதில் ஒரு வரியை அவனே அடித்திருந்தான். பைத்தியம் என்பார்கள் என்று பக்கத்தில் குறிப்பு வேறு.

கதறலை வெட்டினான். அடித்த வரியைத் திரும்பச் சேர்த்தான்.

வெளியே பெஞ்சில் பூரணம் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“அக்கா, வாசிக்கிறன். கேளுங்கோ. ‘ஷெல் விழுந்தது. ரெண்டு பிள்ளையளும் செத்துப்போச்சினம். பிறகு நான் கோழியளுக்குத் தீன் போட்டனான்.’ சரியோ?”

“ஓம் தம்பி,” என்றாள் பூரணம். “மூத்தவன் வளர்த்த கோழியள்.”