கனகசபாபதி சார் வரைந்த வரைபடம்

கனகசபாபதி சாரின் டியூஷனில் ஒரு சட்டம் உண்டு. ஒரு சென்டிமீட்டர் எத்தனை அலகு என்று மூலையில் அளவுத்திட்டம் எழுதாத வரைபடத்தை எல்லார் முன்னாலும் கிழித்துவிடுவார். அன்று கிழிந்தது சகாயராணியுடையது.

"புள்ளியெல்லாம் சரிதானே சார்?" என்று கேட்டுவிட்டாள்.

சாருக்குச் சுருக்கென்றது. போர்டில் விறுவிறுவென்று இரண்டு அச்சுகளை இழுத்தார். ஒவ்வொன்றிலும் பத்தே பத்துக் கோடு போட்டார்.

"y சமம் x ஸ்கொயர். x நூறுன்னா y பத்தாயிரம். அந்தப் புள்ளியை இதுக்குள்ளேயே வை. அச்சை நீட்டினே, நாளையிலேருந்து இங்க வராதே!"

சகாயராணி எழுந்து போனாள். சாக்பீஸை எடுத்தாள். இரண்டு அச்சிலும் கடைசிக் கோட்டுக்கு நேராக, மேலே ஒரு புள்ளி வைத்தாள்.

"இதுவாடி பத்தாயிரம்? பத்துக்குப் பத்து!"

"படுக்கை அச்சுல ஒரு கோடு பத்து, மேலே போறது ஆயிரம்னு வெச்சேன் சார். ஒரு கோடு ஒண்ணுன்னு நீங்க எங்கேயும் எழுதலையே."

சார் திரும்பிப் பார்த்தார். போர்டின் நாலு மூலையும் காலியாக இருந்தது.

"சட்டப்படி இதைக் கிழிக்கணும் சார்" என்று சகாயராணி டஸ்டரை எடுத்து நீட்டினாள். "போர்டுங்கிறதால அழிச்சாப் போதும்."