தலைக்கு ஏறாத விறகு

சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

மலைமேல் மடத்தில் இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கு வழி சொல்லும் மலையம்மாவுக்கு முப்பது வயதுதான். ஆனால் அவள் முறைத்தால் மலைக்கு வந்த மேகம் திரும்பிப் போகும். நானே பார்த்திருக்கிறேன்.

அவள் முன்னால் மாசிலாமணி வந்து நின்றார். வயது ஐம்பது. ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போட்டவர்.

"கடையை மூடிட்டாங்கம்மா. இனி எந்தப் பக்கம் போக? யோசிச்சு யோசிச்சுத் தலை வெடிக்குது."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்லை. வீட்டுலகூட. தினமும் சோத்து டப்பாவோட கிளம்பி, பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்துட்டுத் திரும்புறேன்."

மலையம்மா ஒரு கயிற்றை எறிந்தாள்.

"அடுப்புக்கு விறகு இல்லை. ஒரு கட்டு கொண்டாங்க. அப்புறம் பதில்."

மாசிலாமணி ரோஷக்காரர். காட்டுக்குப் போய் அவர் கட்டிய கட்டின் நிழலில் கல்யாணப் பந்தியே போடலாம்.

கட்டு தலைக்கு ஏறவில்லை. மண்டியிட்டுத் தலையைக் கொடுத்தார், கட்டு உருண்டது. பாறையில் சாய்த்துக் குனிந்தார், அவர் உருண்டார்.

வெறுங்கையோடு திரும்பினார்.

"ரொம்பக் கனம்மா. தாங்காது."

"தலையில வச்சுப் பார்த்தீங்களா?"

"ஏறவே இல்லையே!"

"பிறகு தாங்காதுன்னு எப்படித் தெரியும்?"

மறுபடி போனார். சும்மா நின்றார். தொண்டையைச் செருமினார்.

"யாராச்சும் ஒரு கை தூக்கிவிடுங்களேன்!"

ஆடு மேய்க்கும் இசக்கித்தாய் ஓடி வந்தாள். பின்னாலேயே புல்லறுக்கும் பூலம்மாள்.

"இம்புட்டு நேரம் உருண்டது நீங்கதானா அண்ணாச்சி? கரடின்னுல்லா பயந்து கிடந்தோம்!"

ஒரே தூக்கு. கட்டு தலையில்.

"அந்தப் பக்கம் வழுக்கும். ஓடைப் பக்கமா வாங்க," என்றாள் இசக்கித்தாய்.

"மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கிடக்கு?" என்றாள் பூலம்மாள்.

இரண்டு கையும் கட்டைப் பிடித்திருக்கும்போது முகத்தை எங்கே மறைப்பது? சொல்லிவிட்டார். எல்லாவற்றையும்.

மடத்து வாசலுக்கு மூவரும் சண்டையோடுதான் வந்தார்கள்.

"சைக்கிள்ல துணி போட்டு ஊர் ஊரா விக்கட்டும்!" என்றாள் இசக்கித்தாய்.

"ஏட்டி, அண்ணாச்சி முழங்காலைப் பாரு, இதை வச்சுக்கிட்டு சைக்கிள் மிதிக்கவா! எங்க மதினி தையல் கடைக்கு, துணி பார்த்து வாங்க ஆள் தேடுதா," என்றாள் பூலம்மாள்.

"எதுன்னாலும் மொதல்ல அண்ணாச்சி வீட்டு அக்காகிட்ட சொல்லணும்," என்றாள் இசக்கித்தாய். " அவ இல்லாம நாம யாரு முடிவு பண்ண?"

மலையம்மா குறுக்கே வந்தாள்.

"உங்க கேள்வி என்ன?"

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றார் மாசிலாமணி. சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. "வீட்டுக்காரியையும் கேட்டுட்டு வந்துடுறேன்."

விறுவிறுவென்று மலையிறங்கினார். தலையில் கட்டு இருப்பதே நினைவில்லை.

அன்றிரவு மலையம்மா அடுப்பு மூட்டவில்லை. சிரித்துக்கொண்டே பட்டினி கிடந்தாள்.

நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்த இரண்டு பெண்களுக்கும் தெரிந்தால், என் வாழ்க்கையையும் பேச வந்துவிடுவார்கள்.