எருமைத் தலை யாருடையது?

ஜாவாத் தீவில் ஒரு நெல்வயல் கிராமம். அங்கே சுமினி என்ற உழவுக்காரியின் தென்னை, பக்கத்து வீட்டு ஊர்த்தலைவர் கார்த்தோவின் தோட்டத்துக்குள் சாய்ந்திருந்தது. காய்களையெல்லாம் அவரே பறித்துக்கொண்டார்.

"ஐயா, அதை விற்றுத்தானே நான் சோறு தின்கிறேன்!" என்றாள் சுமினி.

"வேலி தாண்டி வந்ததெல்லாம் எனக்குத்தான், போ!" என்று தொந்தியைத் தடவினார் அவர்.

மறுநாள் சுமினியின் எருமை வேலிக்குள் தலையை நுழைத்து, அவருடைய கீரைப் பாத்தியை மொட்டையடித்தது.

"உன் எருமையைப் பிடி!" என்று தலைவர் போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது.

சுமினி பணிவாகச் சொன்னாள்: "வால் என் பக்கம் இருக்கிறது, பிடித்திருக்கிறேன் ஐயா. தலை வேலி தாண்டிவிட்டது, அது உங்களுடையது. உங்கள் தலை உங்கள் கீரையைத் தின்றால் நான் என்ன செய்வேன்?"

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தலைவர் தேங்காய்களைத் தாமே சுமந்துவந்து அவள் வாசலில் இறக்கினார். அதற்குள் எருமை முள்ளங்கியையும் முடித்திருந்தது.