களவா அண்ணாச்சியின் சிலிர்ப்பு

முன்பு ஒரு சமயம், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு பவளப்பாறைப் பொந்தில் களவா மீன் ஒருவர் குடியிருந்தார். வாய் என்றால் அப்படியொரு வாய். அது திறந்தால் போதும், சுற்றுவட்டாரத்துக் குஞ்சு குளுவானெல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும்.

நீலி என்ற பொடி மீன் மட்டும் அந்த வாய்க்குள்ளேயே போவாள். விரல் நீளம்தான் இருப்பாள். களவாவின் பல்லிடுக்கிலும் செவுளிலும் ஒட்டிய பேன்களைக் கொத்தித் தின்பது அவள் பிழைப்பு. அவருக்கும் அதில்தான் மூச்சு லேசாகும்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வாயை மூடுவதற்கு முன் களவா இரண்டு முறை உடம்பைச் சிலிர்ப்பார். நீலி வெளியே வந்துவிடுவாள்.

"ஏட்டி, உனக்குப் பயமே இல்லையா?" என்று பக்கத்துப் பொந்துக் கிளிமீன் கேட்கும்.

"ரெண்டு தரம் சிலிர்க்காம அண்ணாச்சி ஒருநாளும் வாயை மூடுனதில்ல" என்பாள் நீலி.

ஒருநாள் காலை அவள் வாய்க்குள் செவுளோரம் மும்முரமாக இருந்தாள். களவா சாப்பிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. சாளை மீன் கூட்டம் ஒன்று மூக்கை உரசிக்கொண்டு போனது. அவ்வளவுதான், வாய் படக்கென்று மூடிக்கொண்டது.

விழுங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நீலி, வெளிய வா புள்ள" என்று வாயைத் திறந்தார். ஒரு சாளைச் செதில்தான் மிதந்து வந்தது.

பேன்கள் பெருகின. மூச்சு முட்டியது. பாறையின் மறுபக்கம் நீலியின் தங்கைகள் இருந்தார்கள். அங்கே போய் வாயைத் திறந்துகொண்டு நின்றார். அவர்கள் சிதறி ஓடினார்கள்.

"தெரியாம நடந்துபோச்சு" என்றார் கிளிமீனிடம். "நீயாவது அந்தப் புள்ளைகள்ட்ட எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"என்னத்தைச் சொல்ல அண்ணாச்சி? நீங்க வாயைத் திறந்தா, கூப்பிடுறீகளா, விழுங்கப் போறீகளான்னு இனிமே எங்களுக்கு எப்படித் தெரியும்?"

களவா திரும்பிப் போனார். பாவி, அவ்வளவு நம்பினாளே என்று பொந்துக்குள் கிடந்து மருகினார்.

இப்போதெல்லாம் இரை வாய்க்குள்ளேயே வந்துவிட்டாலும், மூடுவதற்கு முன் இரண்டு முறை சிலிர்த்துவிடுகிறார். பாதிக்குமேல் அதற்குள் தப்பிவிடுகின்றன. "கெழவருக்கு நடுக்கம் வந்துட்டு" என்று சின்ன மீன்கள் கேலி பேசுகின்றன.

அண்ணாச்சி மறுப்பதில்லை. உள்ளே நீலி இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் இன்னும் ஒரு நொடி பொறுத்துத்தான் அந்த வெறும் வாயை மூடுகிறார்.